மூன்றாம் ஓலை

பிரசங்கம் முடிய மாட்டேங்குது. செல்போனப் பத்திப் பேசுகாரு சாமியார், ஜெபமாலைக்கு நேரமில்ல செல்லு நோண்ட மட்டும் நேரமிருக்கான்னு கேக்காரு, கேட்டுட்டுப் போட்டும், எனக்க கண்ணு அங்க இல்ல. ஆம்பளைய பக்கம் ரெண்டாவது வரிசையில, காத்தாடிக்கு நேர் கீழ ஒரு பிடரி. அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நரச்சுப் போச்சு. அன்னைக்குக் கறுகறுன்னு, வேர்த்து ஊத்தின பிடரி. ரெஃபரி கிளீற்றஸ். எங்க ஊரு மண்ண மிதிச்சு பதினோரு வருசம் ஆச்சு, இன்னைக்கு வெள்ள வேட்டியும் செண்டு மணமுமா வந்து உக்காந்திருக்காரு, அதுவும் யாருக்க பக்கத்துல, எங்க ஃபுட்பால் கிளப்புத் தலைவரு பெர்க்மான்ஸ் பக்கத்துல. பெஞ்சுல தூசி இருக்குன்னு பெர்க்மான்ஸ் தனக்க தோள்துண்ட எடுத்துத் தொடச்சுக் குடுத்தத என் ரெண்டு கண்ணால பாத்தேன். இதே பெர்க்மான்ஸ்தான் அன்னைக்கு கிரவுண்டுல கார்னர் கொடியப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டு, இவன் இனி இந்த ஊருக்குள்ள கால வச்சா அந்தக் கால வெட்டுவேன்னு மாதா மேல சத்தியம் பண்ணினவரு. வந்திருக்கு ஓய் அந்தக் காலு. ஒண்ணில்ல, ரெண்டும் வந்திருக்கு, செருப்பக் கழத்தி வாசல்ல விட்டுட்டு வந்திருக்கு. வெட்டும். வெட்டமாட்டீரு. சம்மந்தி இல்லியா.

அந்த வார்த்தைதான் எனக்குத் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. சம்மந்தி. பெர்க்மான்சுக்க மொவ அபிஷாவும் கிளீற்றசுக்க மொவன் ஜெனிஷும் ஒரே நர்சிங் காலேஜு, பழகிட்டாவ, வீட்டுல ஒத்துக்கிட்டாவ, இப்ப ஓலை வாசிச்சுக்கிட்டிருக்கு. கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கெழம பூசையில ரெண்டு பேருக்க பேரையும் வாசிச்சு, இதுக்குத் தடை எதாவது தெரியுமான்னு ஊரக் கேக்கணும், அதான் ஓலை. முதல் ஓலை போச்சு, ரெண்டாவது போச்சு, ஒரு ஈ காக்கா எழும்பல. இன்னைக்கு மூணாவது. நற்கருணை குடுத்து முடிச்சு, கடைசி ஆசீருக்கு முன்னால வாசிப்பாரு. அப்ப நான் எழும்புவேன். நான் எழும்புனா தெரியாமப் போவாது. பதினஞ்சு வருசமா பாட்டு டீச்சர் நான், இடது பக்கம் முதல் பெஞ்சு எனக்கு, எப்ப எழும்பணும் எப்ப முட்டுக்குத்தணும்னு இந்தக் கோயிலுக்குத் தெரியாது, எனக்க முதுகத்தான் பாக்கும். பாத்துக்கிட்டே இருங்க எல்லாரும். பாட்டுப் புத்தகத்துக்குள்ள நாலா மடிச்ச தாள் ஒண்ணு இருக்கு, காணிக்கைப் பாட்டுக்கும் நற்கருணைப் பாட்டுக்கும் நடுவுல. சாமியாருக்க அறையில போயி ரகசியமாச் சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன நடக்கும், பெர்க்மான்சக் கூப்பிடுவாரு, ரெண்டு டீ வரும், டீச்சர் பெரிய மனசு பண்ணுங்கன்னு முடிஞ்சிரும். என்னைய ஊரு நடுவுல வச்சுத்தான அழிச்சாவ. ஊரு நடுவுல வச்சுத்தான் நானும் குடுப்பேன்.

எழும்பு, விசுவாசப் பிரமாணம். பாத்தியா, நான் எழும்பினதும் எல்லாரும் எழும்புகாவ, கடைசி பெஞ்சுல தூங்கின கிழவன்மாரு கூட. கிளீற்றஸ் எழும்ப முட்டியில கைய ஊனுகாரு. முட்டி போச்சா, நல்லா போட்டும். அன்னைக்கு என்ன ஓட்டம் ஓடினாரு, பந்துக்கு முன்னால இவரு ஓடுவாரு. பெருநாள் டோர்னமெண்டு ஃபைனலு. எங்க ஊரும் கிழக்குத்துறையும். ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு ஓடைதான், ஆனா ஃபுட்பால்னு வந்தா ரெண்டும் ரெண்டு நாடு. கோல் இல்லாம முடியப் போவுது, இன்னும் மூணு நிமிசமோ நாலு நிமிசமோ, பந்து எங்க கோல் பக்கம் உசர வந்து விழுது, அப்பதான் விசில். கேட்டுது. எல்லாருக்கும் கேட்டுது. எங்க டிஃபெண்டர் டார்வின், பாவம், அவன் ஆஃப்சைடுன்னு நெனச்சான், ஃப்ரீ கிக் நமக்குத்தான்னு நெனச்சான், குனிஞ்சு ரெண்டு கையாலயும் பந்த எடுத்து, புல்லுல பதமா வச்சான், முட்டை வைக்கிய மாதிரி. கிளீற்றஸ் ஓடி வாறாரு. பெனால்டின்னு கையக் காட்டுகாரு. நான் ஊதலயேங்காரு. ஊதலயாம்! ஊரு முழுக்கக் கேட்ட விசில அவரு ஊதலயாம். பின்ன யாரு ஊதினா, கடல்ல கெடக்க சுறாவா ஊதிச்சு? அடிச்சான் கிழக்குத்துறைக்காரன், உள்ள போச்சு. அதுக்குப் பொறவு நடந்தது ஃபுட்பால் இல்ல. நாற்காலி பறந்துது. ரெஃபரிய வாசகசாலையில போட்டுப் பூட்டி, ரெண்டு மணிக்கூறு கழிச்சு மீன் வண்டியில ஐஸ் பெட்டிக்கு நடுவுல உக்கார வச்சுக் கொண்டு போனாவ. டார்வின் அதுக்குப் பொறவு பூட்ஸ் போடல. தொட்டதுக்கெல்லாம் ஒவ்வொருத்தனும் அவன்ட்ட, லேய் விசில் கேட்டியான்னு கேப்பான். இப்ப மஸ்கட்டுல இருக்கான். கேட்டுது டார்வினே. கேட்டுதுன்னுதான் நான் எழுதினேன்.

நான்தான் எழுதினேன். பெர்க்மான்ஸ் மறுநாள் காலம்பற எனக்க வீட்டுக்கு வந்தாரு, டீச்சர், கையெழுத்து முத்து மாதிரி இருக்கது ஊருல உனக்குத்தான், ஃபுட்பால் அசோசியேசனுக்கு மனு எழுதணும்னாரு. எழுதுனா சும்மா எழுதக் கூடாது, அவன் கிழக்குத்துறைக்குச் சாதகமா ஊதினான்னு நிரூபிக்கணும், அதுக்கு சொந்தத்தக் கண்டுபிடிக்கணும். எங்க ஆளுவளுக்கு எல்லாத்துக்கும் சொந்தம்தான் ஆதாரம். துட்டு வாங்கினான்னு சொன்னா நம்பமாட்டாவ, அவனுக்க சித்தி வீடு அங்கன்னு சொல்லு, ஓகோன்னு தலையாட்டுவாவ. மூணு நாளு உக்காந்து நோண்டினோம். கோயில்ல பழைய ஞானஸ்நானப் புத்தகத்த நான் எடுத்துப் பாத்தேன். எங்க கடக்கரையில யாருக்க வேர நோண்டினாலும் நாலு வீடு தள்ளி சொந்தம் வந்து முட்டும், இதுதான் எங்களுக்குத் தெரியாமப் போச்சு. ரெண்டு சொந்தம் கெடச்சுது. ஒண்ணு, கிளீற்றசுக்க தங்கச்சியக் கிழக்குத்துறையில கெட்டிக் குடுத்திருக்கு. ரெண்டாவது, கிளீற்றசுக்க அம்மைக்க அம்மை நம்ம ஊருக்காரி, யாரு, பெர்க்மான்சுக்க அம்மைக்க அம்மைக்கு கூடப்பிறந்த தங்கச்சி. அப்படிப் பாத்தா அவரு நமக்குத்தான சாதகமா ஊதியிருக்கணும்னு நான் கேட்டேன். பெர்க்மான்ஸ் எனக்க கையில இருந்து தாளப் பிடுங்கினாரு, சிவப்பு பேனா எடுத்தாரு, அந்த வரிய வெட்டினாரு, பக்கத்துலயே கையெழுத்தும் போட்டாரு, பெரிய கலெக்டரு. இது வேண்டாம் டீச்சர், கேஸ் நிக்காதுன்னாரு. அந்தத் தாள்தான் இது. இப்ப யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பாட்டியும் அக்கா தங்கச்சின்னா ரெண்டு அம்மையும் அக்கா தங்கச்சி முறை, அப்ப கிளீற்றசும் பெர்க்மான்சும் அண்ணன் தம்பி, அவருக்க மொவனும் இவருக்க மொவளும் அண்ணன் தங்கச்சி. திருச்சபைச் சட்டம் இத்தன தூரத்த விட்டுரும். ஊரு விடாது. அண்ணனத் தங்கச்சிக்குக் கெட்டி வைக்கான் பெர்க்மான்ஸ்னு ஒரு தடவ காதுல விழுந்தாப் போதும், பெரியவிய எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு எழும்பிருவாவ. கிளீற்றசுக்கு இது தெரியாது. பெர்க்மான்சுக்குத் தெரியும். அவரு மறந்திருப்பாரு. ஆம்பளையளுக்கு மறதிங்கது ஒரு சௌகரியம்.

எனக்கு மறதி இல்ல. எனக்கும் ஓலை வாசிச்சாவ. இதே கோயில், இதே காத்தாடி. கிழக்குத்துறை ரெக்சனுக்கும் நம் பங்கைச் சேர்ந்த மெற்றில்டாவுக்கும்னு வாசிச்சப்ப நான் தல குனிஞ்சு பாட்டுப் புத்தகத்துல ஒரே வரிய இருவது தடவ படிச்சேன். ரெண்டு ஓலை ஆச்சு. மூணாவதுக்கு முந்தின நாளு ஃபைனலு. மூணாவது வாசிக்கல. நான் ரெண்டு ஓலைக்காரி. இருவத்தேழு வயசுல இருந்து முப்பத்தெட்டு வர ரெண்டு ஓலையோட நிக்கேன், பாதி வெந்த சோறு மாதிரி. ஊருக்கு ஊரு சண்டை, அதனால கல்யாணம் நின்னு போச்சுன்னு எல்லாரும் சொல்லுகாவ, நானும் அப்படியே சொல்லி வச்சிருக்கேன், அந்த ரெஃபரி நாசமாப் போவான்னு அம்மா சாவுற வர சொல்லிக்கிட்டே செத்தா. ஒரு பெனால்டி. ஒரு விசில். அந்த ஆளு வீட்டுக்குப் போயி மீன் பொரிச்சுச் சாப்பிட்டுட்டு படுத்திருப்பான். மீன். அத ஏன் நெனச்சேன். மீன்தல. ரெக்சன் போன்ல சொன்னான், ஃபைனலுக்கு முந்தின நாளு, உனக்குத் தெரியுமா மெற்றி, ரெஃபரி எங்க சித்திக்க அண்ணன்தான், மத்தியானம் எங்க வீட்டுல சாப்பிட்டாரு, பெரிய மீன்தலய அவருக்குத்தான் வச்சோம், சிரிச்சுக்கிட்டே சொன்னான். என்னையப் பொண்டாட்டின்னு நெனச்சு சொன்னான். அஞ்சு நாளு கழிச்சு அத நான் மனுவுல எழுதினேன். தேதி போட்டு எழுதினேன். மீன்தலன்னே எழுதினேன். அசோசியேசன்காரன் பதில் கேட்டு ஒரு காப்பிய கிழக்குத்துறை கிளப்புக்கு அனுப்பினான், அவனுக்க அப்பன் கையில அது போச்சு, எனக்க முத்து மாதிரி கையெழுத்த அவன் வீட்டுல எல்லாருக்கும் தெரியும், காதல் கடுதாசி எழுதின கையி. சண்டையினால நிக்கல. சண்டைக்கு மறுநாளும் ரெக்சன் கூப்பிட்டான், அடங்கட்டும் மெற்றி, அடுத்த மாசம் வாசிக்கச் சொல்லலாம்னான். அந்தக் காப்பி போன பொறவுதான் கூப்பிடல. இல்ல. இத இப்ப நெனைக்கக் கூடாது. ரெஃபரி ஒழுங்கா ஊதியிருந்தா மனுவே இல்ல, மனு இல்லன்னா ஒண்ணும் இல்ல. எல்லாத்துக்கும் முதல்ல அந்த விசில்தான்.

நற்கருணைப் பாட்டு. பாடு. வாய் பாடுது, பதினஞ்சு வருசப் பழக்கம், மனசு எங்க கெடந்தாலும் வாய் பாடிரும். வரிசை நகருது. பெர்க்மான்ஸ் கையக் கூப்பிக்கிட்டு வாறாரு, உலகத்துலயே பரிசுத்தமான மனுசன். பின்னால கிளீற்றஸ். சாமியாரு முன்னால நின்னு வாயத் திறக்காரு. அந்த வாய். அந்த வாயிலதான் விசில் இருந்துது, கறுப்பு விசில், கயிறு கழுத்துல. நான் பாத்தேனா? கிரவுண்ட நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாத்துக்கிட்டு இருந்தேன்னுதான் எழுதினேன். வேண்டாம், பாட்ட விட்டுராத, அடுத்த அடி. அபிஷா வாறா. இளநீலச் சேல. வேதபாடத்துல முதல் பெஞ்சுல உக்காருவா, பத்துக் கட்டளைய ஒரே மூச்சுல சொல்லுவா. போன வாரம் வீட்டுக்கு வந்து எனக்க கையப் பிடிச்சுக்கிட்டு, டீச்சர், என் கல்யாணத்துக்கு நீங்க பாடலன்னா நான் மாலை போடமாட்டேன்னு சொன்னவ. இப்ப வரிசையில இருந்து என்னையப் பாத்துச் சிரிக்கா. சிரிக்காத பிள்ளே. உனக்கும் ரெண்டு ஓலைதான் இன்னைக்கு. உங்க அப்பனுக்க சிவப்பு மையி. எனக்கு ஆனது உனக்கும் ஆவட்டும், ஆனாத்தான் தெரியும், பாடிப் பாத்துக்க, முப்பத்தெட்டு வயசுல ஊருக் கல்யாணத்துக்கெல்லாம் நீ நின்னு பாடு. ரோட்டப் பாத்தேன். அன்னைக்கு, கிரவுண்டுல. சேல நீலம், அதான் ஞாபகம் வந்திட்டு. நீலச் சட்ட. வேல முடிஞ்சு நாலே முக்கால் பஸ்ஸுல வாறேன்னு சொல்லியிருந்தான் ரெக்சன், நீலச் சட்ட போட்டுக்கிட்டு வாறேன், கூட்டத்துல கண்டுபிடின்னான். பந்து உசரப் போனப்ப ஊரு முழுக்க பந்தப் பாத்துது, நான் ரோட்டப் பாத்தேன். வளைவுல பஸ் நின்னுது. அவன் இறங்கினான். கண்டக்டர் படியில நின்னு விசில் ஊதினான், நீளமா ஒண்ணு, பஸ் நகந்துது. நான் சிரிச்சுக்கிட்டே திரும்பினேன். திரும்பினா டார்வின் கையில பந்து.

ஒருத்தருக்கும் தெரியாது. அத்தன ஆயிரம் பேருல அந்தப் பக்கம் பாத்தது நான் ஒருத்திதான். முதல் நாளே சொல்லியிருக்கலாம். என்னன்னு சொல்ல, ஃபைனலுல கிழக்குத்துறை மாப்பிள்ளையப் பாத்துக்கிட்டு நின்னேன்னா? ஊரே எரியுது, அந்த நேரத்துல அதச் சொல்ல எனக்கு நாக்கு வரல. பொறவு மனு எழுதும்போது கேட்டோம்னு எழுதினேன். கேட்டோமில்லியா. விசில் கேட்டுது. எங்க இருந்து கேட்டுதுன்னு யாரும் எழுதச் சொல்லல. போட்டும். பஸ்ஸுல ஊதினா என்ன, வாயில ஊதினா என்ன, ஊரு முழுக்கக் கேட்டுதுன்னா அவரு ஆட்டத்த நிறுத்தியிருக்கணும், பெனால்டி குடுக்கலாமா? குடுத்தாரில்லியா? எனக்க வாழ்க்க போச்சில்லியா? அப்ப அவருதான். அவரு இல்லன்னா யாரு. அவரா இருந்தே ஆவணும்.

சாமியாரு மைக்குக்கு வந்திட்டாரு. தாள விரிச்சு வச்சிருக்கேன். மத்த அறிவிப்பு முதல்ல, கிணத்தடித் தெரு ஜெபக் கூட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு, பிணி தீர்க்கும் ஜெபம் வெள்ளிக்கெழம, வாசிச்சுத் தொலையும் சாமி. ஆ. மணல்குடி பங்கைச் சேர்ந்த கிளீற்றஸ் மகன் ஜெனிஷ் அவர்களுக்கும், நம் பங்கைச் சேர்ந்த பெர்க்மான்ஸ் மகள் அபிஷா அவர்களுக்கும் நடைபெறவிருக்கும் திருமணம் மூன்றாம் முறையாக அறிவிக்கப்படுகிறது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். நிறுத்துகாரு. தாளப் புரட்டுகாரு. இப்ப. எழும்பு மெற்றில்டா. இப்ப எழும்பலன்னா நீ செத்தவ. எழும்பினேன். எழும்பிட்டேன். வாயத் திறந்தேன், பின்னால ஒரு சத்தம், கடல் பொங்கினது மாதிரி, திரும்பினா பாட்டுப் பிள்ளையெல்லாம் எழும்புது, பொம்பளைய பக்கம் எழும்புது, ஆம்பளைய பக்கம் எழும்புது, கடைசி ஆசீருன்னு நெனச்சிட்டாவ, எனக்க முதுகப் பாத்து கோயில் முழுக்க எழும்பிட்டு. உக்காருங்க எல்லாரும், நான் ஆசீருக்கு எழும்பல, பாவியளே உக்காருங்க! பெர்க்மான்ஸ் எழும்பிட்டாரு. கிளீற்றஸ் முட்டியில கைய ஊனி எழும்பிட்டாரு. நூறு தடவ சொல்லிப் பாத்த வார்த்தையில ஒண்ணும் வாயில இல்ல. சாமியாரு நிமுந்து பாத்தாரு, எல்லாரும் நிக்காவ, சிரிச்சாரு, கைய விரிச்சாரு. ஆண்டவர் உங்களோடு இருப்பாராக. உம் ஆன்மாவோடும் இருப்பாராகன்னு எனக்க வாய் சொல்லுது. எனக்க வாய். சத்தமா, எனக்கு முன்னால நிக்கிய பாட்டு மைக்குல.

முடிஞ்சு போச்சு. கடைசிப் பாட்டும் பாடியாச்சு. கூட்டம் வெளிய போவுது, நான் பக்கவாசல்ல வேப்பமரத்தடியில நிக்கேன், தாள் புத்தகத்துக்குள்ள, புத்தகம் கக்கத்துல. மாதா கெபிகிட்ட அபிஷாவச் சுத்தி பிள்ளைய நின்னு சிரிக்கு. மூணு ஓலைக்காரி. யாரோ செருப்ப இழுத்துக்கிட்டு வாற சத்தம், நிமுந்தா கிளீற்றஸ். தனியா. இவ்வளவு பக்கத்துல அவரு மொகத்தப் பாத்ததில்ல, கண்ணுக்குக் கீழ பை விழுந்து கெடக்கு.

"மெற்றில்டா டீச்சர்தானே?"

"ஆமா."

"மனுவுக்க காப்பி எனக்கும் ஒண்ணு வந்துது டீச்சர். வச்சிருக்கேன் இப்பவும்."

புத்தகத்தக் கக்கத்துல இறுக்கிக்கிட்டேன். அவரு வேட்டி நுனியப் பிடிச்சுக்கிட்டு தரையப் பாத்துப் பேசுகாரு. "கிரவுண்டுல ஆளுவ கத்தினத நான் நம்பல. தோத்த ஊரு கத்தத்தான் செய்யும். ஆனா அதுல நாங்க எல்லாரும் விசில் கேட்டோம்னு நீங்க எழுதியிருந்திய. வேதபாடம் சொல்லிக் குடுக்க டீச்சர்னு சொன்னாவ. அதுக்குப் பொறவு எனக்கு உறக்கம் இல்ல. விசில் வாயிலதான் இருந்துது. ஓடி வாற வேகத்துல மூச்சுப் பட்டு எனக்குத் தெரியாம ஊதிட்டனோன்னு. அதோட நான் ஒரு மேட்சுக்கும் ஊதப் போவல டீச்சர். கல்யாணம் பேசி முடிச்சப்பவே இங்க வந்து உங்களப் பாக்கணும்னு நெனச்சேன், தைரியம் வரல. ஒரே ஒரு தடவ சொல்லிருங்க. நீங்க கேட்டியளா?"

பதினோரு வருசமா சொகமாப் படுத்து உறங்கினான்னு நெனச்ச மனுசன். பஸ்ஸுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், இந்த முதுகு நிமிந்திரும், வீட்டுக்குப் போயி உறங்குவாரு. உறங்கட்டும்னு விட்டா எனக்கு என்ன மிச்சம்? பஸ்ஸு மிச்சம். மீன்தல மிச்சம். முத்து மாதிரி கையெழுத்து மிச்சம். அத வச்சுக்கிட்டு நான் ராத்திரி எப்படிப் படுப்பேன்? பெரிய அடி குடுக்க எழும்பினேன், கோயிலே எழும்பிக் கெடுத்திட்டு. இது எனக்க கைக்குள்ள தானா வந்து விழுந்த பந்து.

"கேட்டேன்," அப்படின்னேன். "நல்லாக் கேட்டுது. நான் உங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவரு பிடிச்சிருந்த வேட்டி நுனிய விட்டாரு. பொறவு தல ஆட்டினாரு. "செரி. அப்ப நான் ஊதியிருக்கேன்." ரெண்டு கையையும் கூப்பினாரு, என்னையப் பாத்து, கோயில்ல கூப்பின மாதிரியே. "உங்க ஊருட்ட நான்தான் பொய் சொல்லியிருக்கேன். மன்னிச்சிருங்க டீச்சர்."

திரும்பி நடக்காரு. செருப்பு மணல்ல இழுபடுது. இதுதான நீ கேட்டது மெற்றில்டா, ஊரு நடுவுல இல்லன்னா என்ன, அவரு வாயாலயே சொல்ல வச்சிட்டியே, சந்தோசப்படு. கூப்பிடலாம். இன்னும் கொடிமரம் தாண்டல, சார்னு ஒரு சத்தம் குடுத்தா திரும்புவாரு. வாய் வரல, உம் ஆன்மாவோடும்னு கேக்காமச் சொல்லுற வாயி. ரோட்டுல பஸ் வந்து வளைவுல நிக்குது, பூசை முடிஞ்ச கூட்டம் ஏறுது. கண்டக்டர் படியில நின்னு ஊதினான், நீளமா ஒண்ணு.

கிளீற்றஸ் நின்னுட்டாரு. ரோட்டப் பாத்தாரு, அங்கேருந்து கிரவுண்டப் பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. பொறவு மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தாரு.